ஊர்க்கோடியில் நிற்கும் குத்துக்கல்: கல் பழையதா, கதை பழையதா?

கேள்வி: கிழக்குமேட்டான்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பூர்விக ஊர் கிருஷ்ணகிரி மாவட்டத்தில், ஒரு குன்றின் கிழக்குச் சரிவில் இருக்கிறது. ஊரின் பெயரை வேண்டுமென்றே எழுதாமல் விடுகிறேன். புதையல் தேடிக் கடப்பாரையோடு அலைகிறவர்கள் இணையத்தையும் படிக்கிறார்கள். ஊருக்கு வெளியே, கொள்ளு விதைக்கும் மானாவாரிக் காட்டின் ஓரத்தில், இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு பலகைக்கல் செங்குத்தாக நிற்கிறது. அதில் எழுத்தும் இல்லை, உருவமும் இல்லை. ஊரார் அதைக் குத்துக்கல் என்றுதான் சொல்வார்கள். அதற்கு மேற்கே முந்நூறு அடி தள்ளி உருண்டைப் பாறைகள் நான்கைந்து வட்டங்களாகப் பதிந்து கிடக்கின்றன. ஒரு வட்டத்தின் நடுவில் பலகைக்கற்களை நிறுத்திச் செய்த பெட்டி போன்ற ஓர் அமைப்பு, மூடுகல் சரிந்து பாதி திறந்த நிலையில் இருக்கிறது. அதன் கிழக்குப் பலகையில், ஒரு குழந்தை நுழையும் அளவுக்கு வட்டமான துளை ஒன்று உண்டு.

என் பாட்டி சொன்ன கதை இது. முன்னொரு காலத்தில் அங்கே முழங்கை உயரமுள்ள குள்ளர்கள் வாழ்ந்தார்களாம். ஆள் சிறியவர்களே ஒழிய, ஆனைப் பலம் கொண்டவர்கள். வானத்திலிருந்து நெருப்பு மழை பெய்யப் போகிறது என்று குறி கேட்டு, பயந்துபோய்க் கல்லாலேயே வீடு கட்டி, அந்தத் துளை வழியாக உள்ளே போய்ப் பதுங்கிக்கொண்டார்கள். நெருப்பு மழையும் பெய்தது. கல் சூடேறி உள்ளே இருந்தவர்கள் அத்தனை பேரும் வெந்து மாண்டார்கள். வெளியே காவலுக்கு நின்றவன் மட்டும் நின்ற நிலையிலேயே கல்லாய்ச் சமைந்தான். பக்கத்து ஊரில் கேட்டால், குள்ளராவது மண்ணாவது, அது வனவாசத்தின்போது பீமன் ஊன்றிய கல் என்று அடித்துச் சொல்கிறார்கள்.

என்னுடைய ஐயங்கள் மூன்று. இந்தக் கல்லுக்கு எவ்வளவு வயது இருக்கும்? பாட்டியின் கதையில், கல்லை நட்டவர்களைப் பற்றிய உண்மையான நினைவு ஏதேனும் தங்கியிருக்கிறதா, அல்லது பிற்காலத்தார் தாமாகக் கட்டியதா? ஊர் இளைஞர்கள் கல்லைச் சுற்றி சிமெண்டு மேடை எழுப்பித் தகரக் கொட்டகை போடத் திட்டமிட்டிருக்கிறார்கள். இதில் தவறு உண்டா?

மறுமொழி: பதுக்கை

வணக்கம் ஐயா. தங்கள் விவரிப்பு தெளிவாக இருப்பதால் ஓரளவு உறுதியாகவே பதில் சொல்ல முடிகிறது. ஆயினும் முதலில் ஓர் எச்சரிக்கை. தமிழ்நாட்டில் செங்குத்தாக நிற்கும் கல் எல்லாம் வரலாற்றுக்கு முற்பட்டது அல்ல. மாடுகள் உடம்பைத் தேய்த்துக்கொள்வதற்காக மேய்ச்சல் நிலத்தில் நட்ட ஆவுரிஞ்சிக்கல் உண்டு. கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாக வழியோரத்தில் நிறுத்திய சுமைதாங்கிக் கல் உண்டு. அதன் மேல் கிடைக்கல் விழுந்துவிட்டால், மிஞ்சிய ஒற்றைக் காலைப் பார்த்து ஏமாந்துபோனவர்களில் அடியேனும் ஒருவன். பாழடைந்த கிணற்றருகே ஏற்றம் தாங்கிய கல்லும், கோயில் நிலத்தின் எல்லையைக் குறிக்கும் சூலக்கல்லும் இருக்கின்றன. ஆகவே, கல்லின் விளிம்பில் ஆப்பு அடித்துப் பிளந்த துளைகள் வரிசையாகத் தெரிகின்றனவா என்று பாருங்கள். தெரிந்தால் சற்றுச் சந்தேகப்பட வேண்டும். அது மட்டுமே முடிவாகிவிடாது.

தங்கள் கல்லை நான் நெடுங்கல் என்று கருதுவதற்குக் காரணம் அந்தக் கல் அல்ல, அதன் அக்கம்பக்கம். பாறைகள் வட்டமாகக் கிடப்பது கல்வட்டம். நடுவில் உள்ள பெட்டி கற்பதுக்கை. பலகையில் உள்ள ஓட்டை இடுதுளை. மூன்றும் இரும்புக்காலத்து ஈமச் சின்னங்கள். இத்தகைய இடுகாட்டின் அருகே தனியாக நிற்கும் பெருங்கல், இறந்த ஒருவருக்காகவோ பலருக்காகவோ எடுத்த நினைவுச் சின்னமாக இருப்பதே பெரும்பாலும் வழக்கம். திருப்பூர் மாவட்டம் ஊத்துக்குளிப் பக்கத்துக் குமரிக்கல்பாளையத்தில் ஏறக்குறைய 30 அடி உயரத்தில் இப்படி ஒரு நெடுங்கல் நிற்கிறது. ஊரே கல்லின் பெயரைத் தாங்கியிருக்கிறது.

வயதைப் பொறுத்தவரை, கல்லை மட்டும் வைத்துக் காலம் சொல்ல இயலாது. பாறையின் வயது கோடிக்கணக்கான ஆண்டுகள். நமக்கு வேண்டியது அதை நட்ட நாள். அதை அறிய வேண்டுமானால், கல்லை ஊன்றத் தோண்டிய குழியில் அகப்படும் கரித்துண்டை ஆராய வேண்டும், அல்லது குழிக்குள் விழுந்த மணல் துகள் கடைசியாக வெயிலைக் கண்டது எப்போது என்று ஆய்வகத்தில் அளக்க வேண்டும். தங்கள் மாவட்டத்திலேயே உள்ள மயிலாடும்பாறையில் இரும்புப் பயன்பாட்டின் காலம் கி.மு. 2172 வரை செல்கிறது என்று 2022இல் மாநில அரசு அறிவித்தது. தூத்துக்குடி மாவட்டச் சிவகளைக்கு கி.மு. 3345 என்ற கணிப்பு 2025 சனவரியில் வெளியானது. இவை அந்தந்தக் குழிகளுக்கு உரிய காலங்கள். தங்கள் ஊர்க் கல்லுக்கு இவற்றை அப்படியே எடுத்து ஒட்டிவிடக் கூடாது. பெருங்கற்சின்னம் எழுப்பும் வழக்கம் இங்கே கிறித்துவுக்குப் பிந்தைய முதல் சில நூற்றாண்டுகள் வரை தொடர்ந்தது என்பதால், ஏறக்குறைய ஆயிரத்து எழுநூறு ஆண்டு என்பதைக் கீழ் எல்லையாகக் கொள்ளலாம்.

இனிக் கதைக்கு வருகிறேன். பாட்டியின் கதையை அந்த இடுதுளைக்கு முன்னால் நின்றுகொண்டு கேட்டுப் பாருங்கள். நான்கு புறமும் சுவர், மேலே கூரை, ஒரு பக்கம் வாசல் என்று பார்ப்பவர் கண்ணுக்கு அது வீடாகத்தான் தெரியும். வாசல் ஒன்றரை அடியே இருப்பதால் குடியிருந்தவர்கள் குள்ளர்கள். கூரைக்கல்லைப் பத்துப் பேர் சேர்ந்தாலும் அசைக்க முடியாது என்பதால் அவர்கள் பலசாலிகள். உள்ளே எலும்பும் சாம்பலும் கரியும் கிடைப்பதால் அவர்கள் நெருப்பில் மாண்டவர்கள். கதையின் ஒவ்வோர் உறுப்பும் கண்ணுக்குத் தெரிகிற ஏதோ ஒன்றிலிருந்து பிறந்திருக்கிறது. பாட்டி சொன்னது ஒருவகை ஆய்வுதான், நல்ல தர்க்கம். முதல் அனுமானம், அதாவது இது வீடு என்பது மட்டும் தவறிவிட்டது.

அந்த முதல் அனுமானம் தவறியதிலிருந்தே கதையின் காலத்தையும் ஒருவாறு ஊகிக்கலாம். புறநானூற்றில் (256) கணவனை இழந்தவள் ஒருத்தி, ஈமத்தாழியைத் தனக்கும் சேர்த்து இடம் இருக்குமாறு அகலமாக வனையும்படி குயவனை வேண்டுகிறாள். மணிமேகலை, இறந்தவரைச் சுடுவோர், வெறுமனே இடுவோர், தோண்டிய குழியில் படுப்போர், தாழ்ந்த இடத்தில் அடைப்போர், தாழியில் கவிப்போர் என ஐந்து முறைகளை ஒரே மூச்சில் சொல்கிறது. இவற்றை இயற்றியவர்களுக்கும் கேட்டவர்களுக்கும் அவை ஈமச் சின்னங்கள் என்பதில் ஐயமே இல்லை. அப்படியானால் குள்ளர் வீடு என்ற கதை, அந்த வழக்கம் நின்று, அப்படி ஒரு வழக்கம் இருந்தது என்ற நினைவும் அழிந்த பிறகுதான் தோன்றியிருக்க முடியும். தாழி புதைக்கும் வழக்கம் மறைந்த பின்னர்தான், கிழடு தட்டிச் சாகாமலே சுருங்கிப்போன முதியவர்களைச் சோற்றோடும் விளக்கோடும் சாடிக்குள் இறக்கிவைத்தார்கள் என்ற கதையும் தென் மாவட்டங்களில் கிளம்பியிருக்க வேண்டும்.

பீமன் கதையும் அப்படியே. கேரளத்து மறையூரில் இதே கல்லறைகள் முனியறை; முனிவர் தவம் செய்த இடம் என்பார்கள், பாண்டவர் தங்கிய இடம் என்றும் சொல்வார்கள். மலபாரில் இத்தகைய குழிகளைத் தோண்டிப் பார்த்த பாபிங்டன் என்ற ஆங்கிலேயர் 1823இல் வெளியிட்ட கட்டுரையில் அவற்றைப் பாண்டு குழிகள் என்றே குறிப்பிடுகிறார். ஆகவே பாண்டவர் பெயர் ஒட்டிக்கொண்டு குறைந்தது இருநூறு ஆண்டுகள் ஆகின்றன. மூலம் தெரியாத பெருங்கட்டுமானம் எதைக் கண்டாலும் பாண்டவர் கணக்கில் எழுதிவிடுவது இந்த நாட்டின் பொதுப் பழக்கம்.

மறுமொழி: துங்கபத்திரைக் கரை

பதுக்கை அவர்கள் சற்று அவசரப்படுகிறார்கள் என்று தோன்றுகிறது. கர்நாடகத்தின் கொப்பள் மாவட்டத்தில் ஹிரேபெணகல் என்னும் இடத்தில் ஏறக்குறைய 400 கற்சின்னங்கள் ஒரே குன்றின்மேல் இருக்கின்றன. நான் சென்று பார்த்திருக்கிறேன். ஏறி முடிப்பதற்குள் மூச்சு வாங்கிவிடும். அந்தக் குன்றுக்கு ஊரார் வைத்திருக்கும் பெயர் மோரியர் குன்று. அங்கேயும் குள்ளர் கதை உண்டு, ஆனால் குள்ளர்களுக்குப் பெயர் மோரியர். நம் அகநானூறும் புறநானூறும் மோரியரை, அதாவது மௌரியரைப் பாடுகின்றன. அவர்களுடைய தேர்ச் சக்கரம் உருளுவதற்காக மலையைக் குடைந்தார்கள் என்கின்றன. அசோகன் கல்வெட்டுகள் அதே வட்டாரத்தில் இருக்கும்போது, இந்தப் பெயரை நினைவு என்று கொள்ளாமல் வேறு எப்படிக் கொள்வது?

மறுமொழி: பதுக்கை

நல்ல கேள்வி. பெயர் பழமையானதாக இருக்கலாம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அங்குள்ள சின்னங்களில் பல மௌரியருக்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்டவை. மௌரியர் வந்தபோதே அவை பழங்கல்லறைகளாக நின்றிருக்கும். ஆகவே மோரியர் என்ற பெயர் மௌரியரையே குறிப்பதாக வைத்துக்கொண்டாலும், பாண்டவர் பெயரைப் போல அதுவும் பின்னால் வந்து ஒட்டியதே. அசோகன் கல்வெட்டு பக்கத்தில் இருப்பதால் பெயர் ஒட்டுவதற்கு வசதி கூடியிருக்கலாம். மௌரியர் குள்ளர்கள் என்று எவரும் சொன்னதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

மறுமொழி: கடல்கடந்தவள்

இவ்விழையைப் படித்ததும் எழுதத் தோன்றியது. நான் இருபது ஆண்டுகளாக இங்கிலாந்தின் தென்மேற்குப் பகுதியில் வசிக்கிறேன். விடுமுறை நாட்களில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு இங்குள்ள கல்வட்டங்களைப் பார்ப்பது எங்கள் வீட்டு வழக்கம். கல்லாய்ச் சமைந்த காவற்காரன் கதையைப் படித்ததும், பெயரை மட்டும் மாற்றினால் இது இந்த ஊர்க் கதை அல்லவா என்று நினைத்தேன்.

பிரிஸ்டலுக்குத் தெற்கே ஸ்டாண்டன் ட்ரூ என்ற சிற்றூரில் மூன்று கல்வட்டங்கள் உண்டு. ஒரு சனிக்கிழமை நடந்த திருமணத்தில் எல்லோரும் ஆடிக்கொண்டிருந்தார்களாம். நள்ளிரவு ஆனதும், ஞாயிறு பிறந்துவிட்டது, இனி வாசிக்க மாட்டேன் என்று பிடில்காரர் எழுந்து போய்விட்டார். நரகத்துக்குப் போயாவது ஒருவனைப் பிடித்து வருவேன் என்று மணப்பெண் சபதம் செய்தாள்; உடனே ஒரு முதியவர் வந்து வாசித்தார், வேகம் கூடிக்கொண்டே போனது, ஆடியவர்களால் நிறுத்த முடியவில்லை. விடிந்தபோது அத்தனை பேரும் கல். வாசித்தவன் சாத்தான். கார்ன்வாலில் 19 கற்கள் கொண்ட ஒரு வட்டத்துக்குக் களிப்புக் கன்னியர் என்ற பொருளில் பெயர். அவர்களும் ஞாயிற்றுக்கிழமை ஆடிக் கல்லானவர்களே. அதே வட்டாரத்தில் ஞாயிறன்று பந்து விளையாடிக் கல்லான ஆண்கள் கூட்டமும் உண்டு.

பதுக்கை அவர்கள் சொன்ன முறை இங்கே இன்னும் எளிதாகப் பொருந்துகிறது. இக்கற்கள் நாலாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்டவை. ஞாயிறு ஓய்வுநாள் என்பதோ கிறித்தவம் வந்த பிறகு ஏற்பட்டது. ஞாயிறன்று ஆடலாமா, விளையாடலாமா என்று ஊர் ஊராகச் சண்டை நடந்தது 16, 17ஆம் நூற்றாண்டுகளில். விளையாடலாம் என்று முதலாம் ஜேம்ஸ் மன்னர் 1618இல் ஆணையே பிறப்பிக்க வேண்டியிருந்தது. ஆகவே இந்தக் கதைகள் கற்களைப் பற்றிச் சொல்வதைவிட அந்தச் சண்டையைப் பற்றித்தான் அதிகம் சொல்கின்றன. பிரான்சின் கார்னாக்கில் மூவாயிரத்துக்கு மேற்பட்ட கற்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. துரத்தி வந்த உரோமைப் படைவீரர்களைப் புனித கொர்னேலி திரும்பிப் பார்த்தார், அவர்கள் நின்றபடியே கல்லானார்கள் என்பது அங்குள்ள கதை. வரிசையாக நிற்பதால் அவர்கள் படைவீரர். வட்டமாக நின்றிருந்தால் ஆட்டக்காரர்கள் ஆகியிருப்பார்கள். தனியாக நிற்பவன் உங்கள் பாட்டி சொன்னது போலக் காவற்காரன்தானே!

வழக்கம் அறுபடாத இடத்தில் கதை எப்படி இருக்கிறது என்பதையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். மேகாலயாவின் நார்த்தியாங்கில் ஜைந்தியா மக்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதி வரை பெருங்கற்களை நட்டு வந்தார்கள். அங்கே நிற்கும் கல் ஆண், கிடக்கும் கல் பெண். எல்லாவற்றிலும் உயரமானது ஏறத்தாழ 8 மீட்டர். அதை நட்டவர் மார் ஃபாலிங்கி என்று பெயரோடு சொல்கிறார்கள். சந்தைக்குப் போனவர் மழையில் அகப்பட்டு, பெருங்கல் ஒன்றையே குடையாகப் பிடித்துக்கொண்டு வந்தாராம். மிகைதான், ஆனாலும் குள்ளரோ சாத்தானோ நெருப்பு மழையோ அதில் இல்லை. நட்டவருக்குப் பெயர் இருக்கிறது, அவர் தங்கள் ஆள் என்ற உறவும் இருக்கிறது.

மறுமொழி: துங்கபத்திரைக் கரை

அம்மையார் காட்டிய நார்த்தியாங் எடுத்துக்காட்டை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதை வைத்தே ஒன்று கேட்கிறேன்: நம் நாட்டில் வழக்கம் முற்றாக அறுந்துவிட்டதா? நடுகல் என்பது என்ன?

மறுமொழி: பதுக்கை

இதைத்தான் எதிர்பார்த்திருந்தேன், இந்த இடத்தில் துங்கபத்திரைக் கரையாருடைய வாதத்துக்கு வலிமை உண்டு. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் மூன்று நடுகற்களைக் கண்டெடுத்தார்கள். அவற்றில் ஒன்றில், கூடலூரில் நடந்த ஆகோளில் பட்ட தீயன் அந்தவன் என்பவனின் கல் என்ற பொருள்படத் தமிழ் பிராமியில் எழுதியிருக்கிறது. ஆகோள் என்றால் ஆநிரை கவர்தல். கல்லோ ஆளளவு கூட இல்லாத சிறு குத்துக்கல். உருவம் ஏதும் கிடையாது. ஈமக்காட்டின் எழுத்தில்லா நெடுங்கல்லுக்கும், பிற்காலத்தில் வில்லும் வாளும் ஏந்திய வீரன் உருவத்தோடு செங்கம் வட்டாரத்தில் நின்ற நடுகற்களுக்கும் இடையில் அது ஒரு கண்ணி. வழிதோறும் பெயரும் பெருமையும் எழுதி மயிற்பீலி சூட்டிய நடுகல்லை அகநானூறு (67) காட்டுகிறது. இன்றும் தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை மாவட்டங்களில் வேடியப்பன் என்ற பெயரில் வழிபடப்படுவன பெரும்பாலும் நடுகற்களே.

ஆகவே என் கருத்தைத் திருத்திச் சொல்கிறேன். கல் நட்டு வணங்கும் வழக்கம் அறுபடவில்லை; பதுக்கையில் புதைக்கும் வழக்கம் அறுந்துவிட்டது. அதனால்தான் ஒரே காட்டில் இரண்டு வகை நினைவு இருக்கக்கூடும்: பதுக்கையைப் பற்றிக் குள்ளர் கதை, குத்துக்கல்லைப் பற்றி வேறு ஏதாவது. கிழக்குமேட்டார் தம் ஊரில் மற்றவர்களையும் கேட்டுப் பார்த்தால் நல்லது.

மேடை பற்றிய கேள்விக்கு இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை. மஞ்சள், குங்குமம், பூ, விளக்கு எதுவும் கல்லைப் பெரிதாகக் கெடுத்துவிடாது. கும்பிடுகிற கல்லை யாரும் உடைத்து ஜல்லி ஆக்குவதில்லை. கல்குவாரிகளுக்கு இரையாகாமல் தப்பிய நெடுங்கற்களில் பல அப்படித் தப்பியவையே. ஆனால் மேடைக்கு அடித்தளம் பறிப்பது பெருங்கேடு. கல் சாயாமல் இருக்க அடியில் இறுக்கிய அண்டைக்கற்களும், காலம் சொல்லக்கூடிய கரியும் மண்ணும் அந்தச் சில அடிக்குள்தான் இருக்கும். சிமெண்டு ஊற்றிவிட்டால் தங்கள் முதல் கேள்விக்கு இனி எவராலும் பதில் சொல்ல முடியாது. கிராம நிர்வாக அலுவலர் வழியாகவோ நேரடியாகவோ மாநிலத் தொல்லியல் துறைக்கு எழுதுங்கள். 1966ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இத்தகைய இடத்தைப் பாதுகாக்கப்பட்டதாக அறிவிக்க மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. திறந்து கிடக்கும் பதுக்கைக்குள் கிடக்கும் ஓடுகளைக் கூட எடுக்க வேண்டாம்.

மறுமொழி: கிழக்குமேட்டான்

அனைவருக்கும் நன்றி. சென்ற வாரம் ஊருக்குப் போய்வந்தேன். கல்லை நூல் பிடித்து அளந்ததில் மண்ணுக்கு மேல் 11 அடி இருக்கிறது. ஆப்புத் துளைகள் எங்கும் இல்லை. அகன்ற முகம் கிழக்கையும் மேற்கையும் பார்க்கிறது. பதுக்கையைச் சுற்றி உள்ளே கருப்பும் வெளியே சிவப்புமான ஓட்டுச் சில்லுகள் கிடந்தன. படம் எடுத்ததோடு சரி, தொடவில்லை. மேடையைக் கல்லிலிருந்து முப்பதடி தள்ளிப் பாதையோரத்தில் கட்டிக்கொள்ள இளைஞர்கள் ஒப்புக்கொண்டார்கள். தகரம் வாங்கியாகிவிட்டதால் கொட்டகையை மட்டும் விட மறுக்கிறார்கள்.

சொல்ல வந்தது வேறு. பதுக்கை ஐயா சொன்னபடி மேற்குத் தெருவில் ஆடு மேய்க்கும் ஒரு முதியவரிடம் கேட்டேன். பெட்டிக்கற்களைப் பற்றி அவரும் குள்ளர் கதையையே சொன்னார். ஆனால் குத்துக்கல்லுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை என்றார். மாடு மீட்கப் போனவன் திரும்பி வரவில்லை, அவனுக்காக வைத்த கல் என்று அவருடைய தாத்தா சொன்னாராம்; அதனால்தான் மாட்டுப் பொங்கலன்று மாடுகளை அதைச் சுற்றி ஓட்டிவருகிறோம் என்றார். இதை நான் நினைவு என்று எடுத்துக்கொள்ளலாமா?

மறுமொழி: பதுக்கை

படித்துவிட்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஆயினும் உறுதி சொல்ல மாட்டேன். தங்கள் வட்டாரத்தில் மாடு கவரும் சண்டையில் இறந்தவர்களுக்கான நடுகற்கள் உருவத்தோடும் எழுத்தோடும் ஏராளம்; அந்தக் கற்களின் கதை பக்கத்திலிருந்த எழுத்தில்லாக் கல்லுக்கும் பரவியிருக்கலாம். சுற்று வட்டாரத்தில் நடுகல்லோ வேடியப்பன் கோயிலோ எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று பாருங்கள். பாட்டி சொன்னதையும் முதியவர் சொன்னதையும் ஒன்றோடொன்று கலக்காமல், அவரவர் சொற்களிலேயே, யார் சொன்னது, அவருக்கு யார் சொன்னது, எந்த நாளில் கேட்டது என்ற குறிப்போடு தனித்தனியாக எழுதி வையுங்கள். துறைக்கு அனுப்பும் கடிதத்தோடு அதன் படி ஒன்றையும் இணைத்துவிடுங்கள்.